முன்னுக்கு நின்ற பூச்சியம்

கல்முனைக்குடியில் வெறும் கலந்தர் என்று விசாரித்தால் எந்தக் கலந்தர் என்று திருப்பிக் கேட்பார்கள். சைபர் கலந்தர் என்றால் வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். பட்டப்பெயர் வைத்தது தபால் கந்தோர். 1974இல், இருபது வயதில், அங்கே பதிவுத் தபால் மேசையில் அவர் வேலைக்கு அமர்ந்தார். ஏழாம் இலக்கக் கடிதம் வந்தால் மற்றவர்கள் 7 என்று எழுதுவார்கள். அவர் 007 என்று எழுதுவார். முன்னால் இடம் விட்டால் எவனாவது அதில் ஒன்றைச் செருகிப் பதினேழாக்கி விடுவான் என்று பயம்.

பக்கத்து மேசையில் இருந்த பாண்டிருப்புச் சாமித்தம்பி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் சும்மா இருக்காது.

"ஆரு தம்பி வரப்போறான், உன்ர புத்தகத்தில ஒண்டு போட? ஒண்டு போடுறவன் சைபரையும் அழிச்சுப் போட்டுப் போடமாட்டானா?"

"அழிச்சா அடையாளம் தெரியும் அண்ணன். வெறும் இடத்தில போட்டா தெரியாது."

நியாயமான பதில்தான். ஊரான் எவனையும் நம்பாத நியாயம். ஆனால் இந்த மனிதர் ஊரானைச் சந்தேகப்பட்டதில் கால்வாசியைச் சொந்தக்காரன் மேல் பட்டிருந்தால், அவர் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும். இன்று அவர் எதற்கும் முன்னால் பூச்சியம் போடுவதில்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொள்வார். ஆகவே கதையை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1981இல் அவர் வளைகுடாவுக்குப் போனார். எண்ணெய்க் கப்பல் ஏற்றும் ஒரு கம்பெனித் துறைமுகத்தில் டெலெக்ஸ் அடிக்கும் வேலை. முதல் மூன்று வருட உழைப்பில் தங்கச்சி ஸுல்பிகாவுக்குக் கல்வீடு எழும்பியது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார். தன் வளவிலேயே பாதியைப் பிரித்து, வேலியில் ஆள் நுழைந்து போய்வர ஒரு கடப்பு விட்டு, அந்தப் பக்கம் வீட்டைக் கட்டினார். மாப்பிள்ளையாக வந்தவர் மசூர். சாய்ந்தமருதில் ஒரு புடைவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர். 1984இல் அவரையும் கலந்தர் தன் கம்பெனிக்கே எடுப்பித்தார். ஒரே அறை, ஒரே சோற்றுப் பானை. தாள் சுமக்கிற வேலையில் சேர்ந்த மச்சானுக்கு டெலெக்ஸ், பிறகு ஆங்கிலம், பிறகு கணனி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். மசூருக்கு மூளை கூர்மை. ஒரு தடவை சொன்னால் போதும்.

கணனி எப்படி வந்தது என்றால், 1985இல் அந்தக் கம்பெனி தன் பம்பு அறைகளிலும் கந்தோர்களிலும் இருந்த இயந்திரங்களையெல்லாம் ஒன்றோடொன்று கம்பியால் இணைத்தது. ஒன்று மற்றதற்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் விலாசம் வேண்டும். விலாசமென்றால் நான்கு இலக்கங்கள், இடையில் புள்ளி. எந்த இலக்கமும் 255ஐத் தாண்டக் கூடாது. மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது கலந்தருக்கு அது உடனே பிடிபட்டது. முதல் இரண்டும் ஊர், மூன்றாவது தெரு, கடைசி வீட்டு இலக்கம். தபால் கந்தோரில் ஏழு வருடம் அவர் செய்த வேலைதானே.

ஆனால் நாம் அடிக்கும் விலாசம் கணனிக்கு வெறும் எழுத்து வரிசைதான். அதை எண்ணாக மாற்றிக் கொடுக்க ஒரு புரோகிராம் வேண்டும். இயந்திரத்தோடு ஆயத்தமாக ஒன்று வந்திருந்தது. அதில் ஒரு வில்லங்கம். எண்ணுக்கு முன்னால் பூச்சியம் நின்றால், இது பத்துப் பத்தாக எண்ணும் கணக்கு அல்ல, எட்டு எட்டாக எண்ணும் கணக்கு என்று அது தானே முடிவு கட்டிவிடும். 10 என்று கொடுத்தால் பத்து. 010 என்று கொடுத்தால் எட்டு. பத்தாம் பம்பு அறைக்குப் போக வேண்டிய செய்தி சத்தமில்லாமல் எட்டாம் அறைக்குப் போய்ச் சேரும். பிழை என்று ஒரு வார்த்தையும் வராது.

கலந்தர் இதை இரண்டு நாள் சோதித்துக் கண்டுபிடித்தார். பகுதித் தலைவராக இருந்த எகிப்துக்காரர் சிரித்துவிட்டு, அப்படியானால் பூச்சியத்தைப் போடாதே என்றார். சுலபமான வழி. கலந்தர் கேட்டாரா? இருநூறு இயந்திரங்களின் விலாசப் பட்டியலை 003, 010, 027 என்று நேர்கோட்டில் நிறுத்தி எழுதி வைத்திருந்தவர், அதில் ஒரு பூச்சியத்தைக்கூட எடுக்கச் சம்மதிக்கவில்லை. பூச்சியத்தை எடுப்பதற்குப் பதிலாகப் புரோகிராமையே தானே எழுதினார். வீம்பு என்றால் வீம்புதான்.

நாற்பது வரி. ஒவ்வோர் எழுத்தாக எடு. இலக்கமானால், இதுவரை சேர்ந்ததைப் பத்தால் பெருக்கி இதைக் கூட்டு. முன்னுக்கு நிற்கும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை, கடந்து போ. புள்ளி வந்தால் அந்த எண்ணை மூடி வை. 255ஐத் தாண்டினால், நான்குக்குக் குறைந்தால், கூடினால், விலாசம் பிழை என்று அனுப்பினவரிடமே திருப்பிக் கொடு. ஊகித்து அனுப்பாதே. இந்தக் கடைசி விதி கல்முனைத் தபால் கந்தோரின் விதி. புரோகிராமின் தலையில் தன் பெயரையும் திகதியையும் ஆங்கிலத்தில் போட்டார். அது மூன்று வருடம் ஒரு செய்தியையும் தவறவிடவில்லை. பிள்ளை பெற்ற சந்தோசம் மனிதருக்கு. மசூரைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்தினார். திகதி எழுதினாலும் முன்னால் பூச்சியம் போடவும், அதன் வயிற்றுக்குள் ஒரு சாய்ந்த கோடு கீறவும் பழக்கினார். கோடு கீறாவிட்டால் ஆங்கில ஓ எழுத்தோடு குழம்பிவிடுமாம்.

1988 ஜூனில் மூன்று மாத லீவில் ஊருக்கு வந்தார். மற்றவர்கள் ரேடியோவும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் அவற்றோடு ஒரு பெட்டி நிறையக் கணனித் தாளும் சுமந்துவந்தார். பச்சைக் கோடு போட்ட அகலத் தாள், இரு பக்கமும் ஓட்டை, ஒன்றோடொன்று மடிந்து கிடக்கும். மூன்று வருடத்தில் அவர் எழுதிய புரோகிராம்கள் அத்தனையும் அதில் இரண்டு மூன்று பிரதியாக அச்சாகி இருந்தன.

"இந்தக் குப்பையத் தூக்கிக்கிட்டா கடல் கடந்து வந்தீங்க?" என்றார் மனைவி நாச்சியா.

கலந்தர் அதில் ஒரு தாளைத் தேடிக் கிழித்து, மகள் நதீராவின் கணக்குக் கொப்பிக்கு உறை போட்டார். கையில் வந்த தாளல்ல. பார்த்துத் தேடி எடுத்த தாள். நாற்பது வரிப் புரோகிராம் தலையில் பெயரோடு முழுதாக வரும் தாள் அது. மகளுக்கு எழுத்து விளங்காது. விளங்காவிட்டால் என்ன, வாப்பாவின் பெயர் கொப்பியில் இருக்கட்டும் என்று ஆசை.

ஜூலை நடுப்பகுதியில், அதே கம்பெனியில் வேலை செய்த அப்துல் ஸமட் லீவில் வந்தார். மசூர் கொடுத்துவிட்டதென்று கலந்தருக்கு ஒரு டின் பால்மாவும் சலாமும். ஸுல்பிகாவுக்கு ஒரு கெசட். அந்த நாளில் வெளிநாட்டுக்காரர்கள் கடிதம் எழுதுவதில்லை. கெசட்டில் கதைத்து ஆள்வசம் அனுப்புவார்கள். மறுநாள் காலை ஸுல்பிகா கடப்பால் வந்தாள். அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, அந்தக் கோடு போட்ட தாளெல்லாம் சும்மாதானே கிடக்கு. பெருநாள் முடியப் பள்ளிக்கூடம். எங்கட வீட்டில பாடம் படிக்க வாற புள்ளையள்ர கொப்பிக்கும் உறை போடத் தாங்களன்."

"எவ்வளவு வேணும்?"

"எல்லாத்தையும் தாங்க. கொப்பி கனக்கக் கிடக்கு."

தங்கச்சி கேட்டு இல்லையென்று சொன்ன நாளில்லை. பாரமான பெட்டி. அவள் தூக்க மாட்டாளென்று தானே தோளில் வைத்து, கடப்பால் குனிந்து, அவள் அறைக்குள் கொண்டுபோய் இறக்கி வைத்தார். ஸுல்பிகா பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள், கொழும்பு ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. பத்தாம் பம்பு அறையை நிறுத்தச் சொல்லி அனுப்பிய செய்தி எட்டாம் அறைக்குப் போனதாம். எட்டு நின்றதாம், பத்து ஓடியதாம். தாங்கி நிரம்பி வழிந்து எண்ணெய் கடலில் கலந்ததாம். விசாரணையில் தெரிந்த காரணம், விலாசம் வாசிக்கும் புரோகிராம் 010ஐ எட்டு என்று வாசித்தது. பட்டியல் கலந்தரின் கையெழுத்து, புரோகிராமின் தலையில் கலந்தரின் பெயர். ஆகவே வேலையிலிருந்து நீக்கம். திரும்பி வரும் விசா ரத்து.

கலந்தர் கடிதத்தை மூன்று முறை வாசித்தார். வேலை போனது இரண்டாவது முறைதான் மண்டைக்குள் இறங்கியது. முதல் வாசிப்பில் அவருக்கு ரோசம்தான் வந்தது. என் புரோகிராமா? 010ஐ எட்டு என்றா? அந்த ஒரு காரியம் நடக்கக் கூடாதென்றுதானே அதை எழுதினேன்.

நடந்தது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும். அவர் லீவில் வந்த பிறகு யாரோ அந்த நாற்பது வரியை எடுத்துவிட்டு, இயந்திரத்தோடு வந்த பழையதைக் கூப்பிட ஒற்றை வரியைப் போட்டிருக்கிறார்கள். நாற்பதை ஒன்றாகச் சுருக்கினால் கெட்டிக்காரன் என்று பெயர் வரும். தலையில் இருந்த பெயரை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். கணனிக்குள் புரோகிராம்கள் இருக்கும் பெட்டகத்தைத் திறக்கும் கடவுச்சொல் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று கலந்தர்.

மற்றவரை நினைக்க அவருக்கு மனம் வரவில்லை. மசூர் அங்கே தனக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார் என்றே நம்பினார். பைத்தியக்கார நம்பிக்கை. தபால் கந்தோருக்கு ஓடினார். யுத்த காலம், ரோட்டெல்லாம் மூடிக் கிடந்தது; அன்று ஊரடங்கு தளர்ந்த நாள். இப்போது தலைமை எழுதுவினைஞராக இருந்த சாமித்தம்பி ட்ரங்கோல் எடுத்துக் கொடுத்தார். இரண்டு மணித்தியாலம் காத்திருந்து லைன் கிடைத்தது.

"மச்சான், நான் கலந்தர். என்ன நடந்த?"

"ஹலோ? ஹலோ? மச்சான், ஒண்டும் கேக்குதில்ல. லைன் சரியில்ல."

"எனக்கு நல்லா கேக்குது. அந்தப் புரோகிராம ஆரு மாத்தின?"

"ஒண்டும் வெளங்குதில்ல மச்சான். பொறகு எடுங்க."

வைத்துவிட்டார். கலந்தர் கையில் ரிசீவரோடு நின்றார். ஏழு வருடம் கம்பியோடு சீவித்த காது அவருடையது. அந்த லைனில் ஓர் இரைச்சலும் இல்லை. மசூரின் மூச்சுவரை கேட்டது.

"என்னவாம் தம்பி?" என்றார் சாமித்தம்பி.

"லைன் சரியில்லையாம் அண்ணன்."

சாமித்தம்பி அவர் முகத்தைப் பார்த்தார். ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

திரும்பி வரும் வழியில்தான் பெட்டி நினைவுக்கு வந்தது. அச்சான தாளில் புரோகிராமும் இருக்கிறது, அச்சான திகதியும் இருக்கிறது. அவர் லீவில் புறப்பட்ட நாளில் அந்த நாற்பது வரி இருந்ததென்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீட்டுக்குப் போகாமல் நேரே கடப்பால் நுழைந்தார். ஸுல்பிகா கூடத்தில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் கொப்பிகள் மேசையில் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் பழைய பத்திரிகைத் தாளில் உறை. பச்சைக் கோடு ஒன்றில்கூட இல்லை.

"தங்கச்சி, நான் தந்த தாளெல்லாம் எங்க?"

சுளகு நின்றது.

"அடுப்புக்குப் போட்டுட்டன் காக்கா."

"ஒரு பெட்டித் தாளையுமா?"

அவள் சுளகிலிருந்த கல்லைப் பொறுக்கினாள்.

"கொப்பிக்கு உறை போடத்தானே கேட்ட?"

"அவருதான் எரிக்கச் சொன்ன."

"எப்ப சொன்ன?"

"கெசட்டில."

கலந்தர் கதிரையில் உட்கார்ந்தார். கெசட் வந்தது பெருநாளைக்கு முந்தி. ஏஜென்சிக் கடிதம் வந்தது பெருநாளைக்குப் பிந்தி. இடையில் பெருநாளன்று இவள் பலகாரத் தட்டோடு வந்து, கையைப் பிடித்து சலாம் சொல்லி, காக்கா எப்பப் போறீங்க, அவருக்குக் கொஞ்சம் மாசிச் சம்பல் தந்துவிடணும் என்று கேட்டாள். அப்போதே இவளுக்குத் தெரியும். தாளை எரித்த அடுப்பில்தான் அந்தப் பலகாரமும் சுட்டிருப்பாள்.

"தெரிஞ்சுதான் கேட்டு வந்தியா?"

ஸுல்பிகா சுளகைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழுதிருந்தால் மன்னித்துத் தொலைத்திருப்பார்.

"ஒராளுக்குப் போகத்தானே வேணும் காக்கா. நீங்க ஏழு வருசம் இருந்தாச்சி. தபால் கந்தோரில எப்பவும் உங்கள எடுப்பாங்க. அவருக்கு என்ன கிடக்கு? திரும்பவும் புடைவையா மடிக்கிற?"

நிதானமாகச் சொன்னாள். நன்றாக யோசித்து வைத்திருந்த பேச்சு அது. கலந்தர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அதில் ஒவ்வோர் ஓடும் அவர் லீவில் வந்து வெயிலில் நின்று எண்ணி இறக்கியது. வாங்கின சம்பளத்தில் தனக்கென்று ஒரு நல்ல சேட்டு தைக்காத வருடங்கள் அவை. அதைச் சொல்லிக் காட்டத் தோன்றியது. தன் வாயாலே சொல்ல வெட்கமாக இருந்தது. எழுந்து கடப்பால் வெளியே வந்தார். அன்று பின்னேரமே நான்கு தடி வெட்டி அந்தக் கடப்பை அடைத்தார். நாச்சியா ஏனென்று கேட்டதற்கு, ஆடு வருகிறது என்றார்.

உள்ளே போனபோது மேசையில் நதீராவின் கணக்குக் கொப்பி. பச்சைக் கோட்டு உறை.

பாடம் செய்துகொண்டிருந்த மகளிடமிருந்து அதை வாங்கி, உறையை மெதுவாகக் கழற்றி விரித்தார். மடிப்புகளில் அழுக்கு, ஒரு மூலையில் மைக்கறை. நாற்பது வரியும் இருந்தன. தலையில் பெயர். மேலே அச்சடித்த திகதி, ஜூன் இரண்டு. முன்னுக்கு நிற்கும் பூச்சியத்தைக் கடந்து போகும் வரியின் மேல் விரலை வைத்து மறுபடி வாசித்தார். மனிதருக்கு உயிர் வந்தது. இனி மசூருக்கு என்ன ஆகுமென்று யோசித்தாரா என்றால், யோசித்தார். ஆகட்டும் என்றே நினைத்தார். அவரை நல்லவராகக் காட்ட நான் இதை மறைக்கப் போவதில்லை.

நடந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, தாளை வைத்து, உறையை ஒட்டினார். விலாசத்தில், பகுதித் தலைவர், கணனிப் பகுதி என்று போட்டார். எகிப்துக்காரரின் பெயரைப் போடவில்லை. ஆட்கள் மாறுவார்கள், பதவி மாறாது, உத்தியோகக் கடிதத்தைப் பதவிக்குத்தான் எழுத வேண்டுமென்பது அவர் தபால் கந்தோரில் படித்த இன்னொரு பாடம்.

சாமித்தம்பி உறையைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார்.

"இதுக்குள்ள இருக்கிறது ஒண்டே ஒண்டுதானே? மட்டக்களப்பில போட்டோக் கொப்பி எடுக்கிறாங்கள். எடுத்திட்டு அனுப்பன் தம்பி."

"ரோட்டுத் திறக்குற வரைக்கும் நிக்க ஏலா அண்ணன். லீவு முடிஞ்சிரும். பதிவுத் தபால்தானே, எங்க போகப்போகுது?"

பதிவுத் தபால் தொலையாது என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் வரவில்லை. அது தொலையவும் இல்லை. கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பும் சிவப்பு அட்டையையும் சேர்த்துத்தான் அனுப்பினார். பெறுபவர் தன் கையாலேயே ஒப்பமிட்டுத் திகதி போட வேண்டிய அட்டை.

ஓகஸ்ட் போனது. கம்பெனியிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. லீவு முடியும் நாளும் கடந்தது. ஒவ்வொரு நாள் காலையும் கலந்தர் கந்தோருக்குப் போய் நின்றார். தபால் பை அவிழ்க்கும்போது பழைய மேசைக்குப் பக்கத்தில் நிற்பார். செப்டெம்பர் கடைசியில் ஒரு நாள் சாமித்தம்பி உள்ளேயிருந்து அட்டையை ஆட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்திட்டுது தம்பி. போய்ச் சேர்ந்திருக்கு. கையெழுத்தும் கிடக்கு."

கலந்தர் வாங்கிப் பார்த்தார். கம்பெனி முத்திரை இருந்தது. அதன் கீழே, பதில் பகுதித் தலைவர், அதாவது தலைவருக்குப் பதிலாகப் பொறுப்பில் இருப்பவர் என்று ஆங்கிலத்தில் தட்டெழுத்து. எகிப்துக்காரர் போய்விட்டார் போலும். தட்டெழுத்துக்கு மேலே கையெழுத்து. அதை வாசிக்க அவருக்கு அவகாசம் தேவைப்படவில்லை. நான்கு வருடம் ஒரே அறையில் பார்த்த கையெழுத்து.

"சரியான ஆளிட்டத்தானே சேர்ந்திருக்கு?" என்றார் சாமித்தம்பி.

"விலாசம் சரி அண்ணன்."

அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் அப்படியே நின்றார். கையெழுத்துக்குப் பக்கத்தில் மசூர் திகதி போட்டிருந்தார். 07.09.88. ஏழுக்கும் ஒன்பதுக்கும் முன்னால் பூச்சியம். இரண்டு பூச்சியத்தின் வயிற்றிலும், குழம்பிவிடாதபடி, கலந்தர் பழக்கிய அந்தச் சாய்ந்த கோடு.